ஊதா மூடிக் குப்பி எங்கெல்லாம் போகிறது?

அலுவலகத்தில் ஹெல்த் கேம்ப் என்றால் கான்ஃபரன்ஸ் ரூமில் இரண்டு மேஜை போட்டுவிடுவார்கள். முதல் மேஜையில் ஒரு நீள ரிஜிஸ்டர் இருக்கும். வரிசை எண், பெயர், எம்ப்ளாயி ஐடி, வயது, உயரம், எடை, பி.பி., சுகர், கையெழுத்து என ஒன்பது கட்டங்கள். பதினேழாவது ஆளாகப் போய் உட்கார்ந்தால், கையெழுத்துப் போடும் அந்தச் சில விநாடிகளில் மேலே இருக்கும் பதினாறு பேரின் எடையும் பிரஷரும் சுகரும் கண்ணில் பட்டுவிடும். அடுத்து வருகிறவர் உங்களுடையதையும் சேர்த்துப் பதினேழு பேருடையதைப் பார்ப்பார். யாரும் திருடவில்லை, எந்தக் கணினிக்குள்ளும் புகவில்லை. ஒரே தாளில் எல்லோருக்கும் கோடு போட்டுவைத்ததே போதுமானதாக இருந்தது.

ஊழியர் உடல்நலனுக்கென்று நிறுவனங்கள் நடத்தும் வெல்னஸ் திட்டங்களில் ஊழியரின் அந்தரங்கம் பெரும்பாலும் இப்படித்தான் கசிகிறது. "உங்கள் விவரங்கள் பாதுகாப்பாக இருக்கும்" என்று மின்னஞ்சலில் எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. அந்த விவரம் எந்தெந்தக் கைகளைக் கடந்து போகிறது என்பது பல நேரங்களில் அவருக்கே தெரியாது. ஆகவே கையை நீட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது உத்தரவாதத்தை அல்ல, வழியை: இந்த ரத்தக் குப்பியிலிருந்து வரும் எண் யார் யாரிடம் போகும், எந்த வடிவத்தில் போகும், எத்தனை நாள் இருக்கும்?

நம் ஊரில் இது பெரிய விஷயம். "அவருக்குச் சுகர் இருக்காம்" என்ற ஒரு வரி ஆன்சைட் பேச்சில் வரும், அப்ரைசல் பேச்சில் வரும், கல்யாணப் பேச்சிலும் வரும். ஒரு பெண் மூன்று நாள் தாமதமாக வந்தால் "ஏதாவது விசேஷமா?" என்று சாதாரணமாகக் கேட்கிற அலுவலகங்கள் இவை. அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் தவறான மேஜையில் கிடப்பது சின்னத் தவறாக முடிவதில்லை.

வழியை முதலிலிருந்து பார்ப்போம். கேம்ப் நடப்பதற்கு ஒரு வாரம் முன்பே முதல் கைமாற்றம் நடந்துவிடுகிறது. ஹெச்.ஆர். பிரிவு ஊழியர் பட்டியலை எக்செல்லாக எடுத்து, கேம்பை நடத்தித் தரும் வெல்னஸ் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அதில் பெயர், ஐடி, பிறந்த தேதி, கைபேசி எண், சொந்த மின்னஞ்சல் இருக்கும். பல நேரம் பிரிவு, பதவி நிலை, மேலாளர் பெயர் வரை இருக்கும். கேம்ப் நடத்த இவற்றில் பெரும்பாலானவை தேவையே இல்லை. ஐந்நூறு பேருக்கு ஐந்நூறு கூப்பன் எண் கொடுத்தால் போதும். ஊழியர் அந்த எண்ணைச் சொல்லித் தானே பதிவுசெய்துகொள்ளலாம். எத்தனை எண் பயன்பட்டது என்பதை வைத்துப் பில் போட்டுக்கொள்ளலாம். பட்டியலை அனுப்புவது சுலபம் என்பதால் அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

கேம்ப் அன்று ஊசி குத்தும்போது கவனித்தால் மூடியின் நிறம் வேறு வேறாக இருக்கும். சாம்பல் மூடி சர்க்கரைக்கு. மஞ்சள் அல்லது சிவப்பு மூடி கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு போன்றவற்றுக்கு. ஊதா மூடி ரத்த அணுக்களுக்கும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி சோதனைக்கும். ஒரு குப்பி எடுத்த பிறகு அதில் என்னென்ன சோதனை ஓட்டுவது என்பது லேபுக்குப் போன பட்டியலைப் பொறுத்தது. "அறுபது பரிசோதனைகள் அடங்கிய பேக்கேஜ்" என்று சொல்லும்போது அந்த அறுபதின் பெயர்களையும் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எச்.ஐ.வி. இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி விவரம் சொல்லி ஒப்புதல் பெறாமல் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது; வேலை கொடுப்பதற்கு அதை நிபந்தனையாக வைப்பதும் கூடாது. "பேக்கேஜில் சேர்ந்தே வருகிறது" என்பது ஒப்புதல் ஆகாது.

எக்ஸ்ரே இருக்கும் கேம்ப் என்றால் இன்னொரு தாள் உண்டு. பெண்களுக்குக் கடைசி மாதவிடாய்த் தேதி என்று ஒரு கட்டம். கருவுற்றிருக்கிறாரா என்று தெரியாமல் எக்ஸ்ரே எடுக்கக் கூடாது என்பதால் மருத்துவரீதியாக அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தாள் வரவேற்பு மேஜையில், ஹெச்.ஆர். உதவியாளரின் முழங்கைக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும். ஆளுக்கு ஒரு தனித்தாள், நிரப்பியதும் மடித்து டெக்னீஷியன் கையில். இதைச் செய்ய எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். ரிஜிஸ்டருக்கும் இதே மருந்துதான்: வருகைக்குக் கையெழுத்து மட்டும் ஒரு தாளில், அளவுகள் ஆளுக்கு ஒரு அட்டையில்.

கேம்பில் யாராவது ஆதார் ஓ.டி.பி. கேட்டால், அது பெரும்பாலும் ஆபா எனும் சுகாதாரக் கணக்கு எண்ணை உருவாக்குவதற்காக இருக்கும். ஆபா எடுப்பது விருப்பம் சார்ந்தது. ரத்தம் எடுக்க அது தேவையில்லை.

ரிப்போர்ட் வரும் விதத்தில் அடுத்த ஓட்டை. பி.டி.எஃப். கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு என்பார்கள். அது பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். அந்த இரண்டும் தெரியாத சக ஊழியர் யார்? பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிற அலுவலகத்தில் அது பூட்டே இல்லை. இதைவிட முக்கியம், ரிப்போர்ட் எந்த முகவரிக்கு வருகிறது என்பது. அலுவலக மின்னஞ்சலுக்கு வந்தால் அது நிறுவனத்தின் சர்வரில் உட்காரும், பேக்கப்பில் போகும், ஐ.டி. நிர்வாகியால் திறக்க முடியும், நீங்கள் வேலையை விட்ட பிறகும் அங்கேயே கிடக்கும். சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள்.

அடுத்து, லேப் நிறுவனம் அனுப்பும் "ஒட்டுமொத்த அறிக்கை". இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லா உத்தரவாதங்களும் இதன் மேல்தான் நிற்கின்றன. "நிறுவனத்துக்குப் பெயர் போகாது, மொத்தக் கணக்குதான் போகும்" என்பார்கள். மொத்தம் எத்தனை பேரின் மொத்தம்?

பதினொரு பேர் உள்ள ஒரு டீம். போன முறை அந்த டீமின் ஹெச்பிஏ1சி சராசரி 5.6. இடையில் ஒருவர் புதிதாகச் சேர்கிறார். இந்த முறை பன்னிரண்டு பேரின் சராசரி 5.8 என்று டாஷ்போர்டில் தெரிகிறது. பார்க்க ஒன்றுமில்லாத வித்தியாசம். ஆனால் 12-ஐ 5.8-ஆல் பெருக்கினால் 69.6. பதினொன்றை 5.6-ஆல் பெருக்கினால் 61.6. கழித்தால் 8.0. மற்றவர்களின் அளவு பெரிதாக மாறவில்லை என்றால், புதிதாக வந்தவரின் ஹெச்பிஏ1சி ஏறக்குறைய எட்டு. 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு என்பது மருத்துவ வரையறை. அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. ஒரு கால்குலேட்டர் போதுமானதாக இருந்தது.

எண்ணிக்கையாகக் கொடுத்தாலும் இதே கதைதான். "இருபத்தைந்து முதல் முப்பது வயதுப் பெண்கள், திருவான்மியூர் கிளை, ரத்தசோகை: 1" என்று ஒரு கட்டம் இருந்தால், அந்தக் கிளையில் அந்த வயதில் இரண்டு பெண்கள்தான் என்றால், அது பெயர் எழுதாத பெயர்ப்பட்டியல். வயது, பால், கிளை, பதவி நிலை என்று வெட்ட வெட்டக் கட்டங்கள் சிறுத்து, கடைசியில் கட்டத்துக்கு ஒரு ஆள் என்று வந்து நிற்கும். லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 1990-களிலேயே இதைக் காட்டிவிட்டார். மாசசூசெட்ஸ் மாநிலம் பெயரை நீக்கி வெளியிட்ட அரசு ஊழியர் மருத்துவப் பதிவுகளை, விலைக்குக் கிடைத்த வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவை அவர் கண்டுபிடித்தார். பயன்பட்டவை மூன்றே விவரங்கள்: பிறந்த தேதி, பால், அஞ்சல் எண். இந்த மூன்றும் ஹெச்.ஆர். கோப்பில் ஏற்கெனவே இருப்பவை.

ஆகவே "மொத்தக் கணக்கு" என்று யாராவது சொன்னால், குறைந்தபட்சம் எத்தனை பேர் இருந்தால் கணக்குக் காட்டுவீர்கள் என்று எண்ணைக் கேளுங்கள். அமெரிக்காவில் காஸ்ட்லைட் என்ற நிறுவனம், கருத்தடை மாத்திரை வாங்குவதை நிறுத்துவது, குழந்தைப்பேறு பற்றித் தேடுவது போன்றவற்றை வைத்து எந்த ஊழியர் கருத்தரிக்கக்கூடும் என்று கணிக்கிறது என 2016-ல் செய்தி வந்தது. அந்த நிறுவனமே, கணக்கில் வருகிறவர்கள் நாற்பதுக்குக் குறைவாக இருந்தால் முதலாளிக்குத் தகவல் அனுப்புவதில்லை என்று சொன்னது. நம் ஊரில் ஐம்பது என்று வைக்கச் சொல்வேன். டீம் வாரியாகக் கணக்கே கூடாது. ஊர் வாரியாக அல்லது நிறுவனம் முழுமைக்கும் மட்டும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே ஆள் சேர்வதும் போவதும் கலந்துவிடும் அளவுக்கு, வருடத்துக்கு ஒரு அறிக்கை போதும். மாதம்தோறும் புதுப்பிக்கும் டாஷ்போர்டுதான் மேலே போட்ட கழித்தல் கணக்குக்கு வசதி செய்து தருவது.

லேப் வழியைவிட அகலமான இன்னொரு வழி இருக்கிறது, பலர் அதை வெல்னஸோடு சேர்த்துப் பார்ப்பதில்லை: நிறுவனம் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுக்கும் மருத்துவக் காப்பீடான குரூப் மெடிக்ளெய்ம். ஒவ்வொரு ஆண்டும் பாலிசி புதுப்பிக்கும் முன் இன்சூரன்ஸ் ப்ரோக்கர் ஹெச்.ஆரிடம் கிளெய்ம் கணக்கைக் கொண்டுவருவார். நாற்பது லட்சம் பிரீமியம் கட்டிய இடத்தில் நாற்பத்து நான்கு லட்சம் கிளெய்ம் போயிருந்தால் விகிதம் 110 சதவீதம். அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறும். இந்தப் பேச்சுக்கு மொத்தத் தொகை, எண்ணிக்கை, எந்த வகைச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது போதும். ஆனால் பல இடங்களில் மேஜைக்கு வருவது வரி வரியான எக்செல்: எம்ப்ளாயி ஐடி, நோயாளி யார், நோய், ஆஸ்பத்திரி, தொகை. நம் ஊர் குரூப் பாலிசிகளில் அப்பா அம்மாவையும் சேர்ப்பதால், ஊழியரின் நோயோடு அம்மாவின் புற்றுநோய் சிகிச்சையும் அப்பாவின் டயாலிசிஸும் அதே தாளில் வரும். அந்த அம்மாவும் அப்பாவும் அந்த நிறுவனத்தில் வேலை செய்யவில்லை. எந்தப் படிவத்திலும் அவர்கள் டிக் அடிக்கவும் இல்லை. பிறகு வெல்னஸ் நிறுவனம் இதே தாளை வாங்கி, "செலவு அதிகம் வைக்கக்கூடிய ஊழியர்களை" அடையாளம் காட்டித் தருகிறேன் என்று வரும். இதற்கு ஹெச்.ஆர். ஒப்புக்கொள்ளக் கூடாது. ஊழியர்கள் கேட்க வேண்டியது: கிளெய்ம் விவரம் ஐடியோடு வருகிறதா, ஐடி இல்லாமல் வருகிறதா?

கிளெய்ம் தாள்களையும் ஹெச்.ஆர். வழியாகக் கொடுக்க வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு "ப்ராசஸ் பண்ணிடுங்க" என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் டி.பி.ஏ.வின் செயலியிலோ இணையதளத்திலோ நீங்களே நேரடியாகப் பதிவேற்றலாம்.

கேள்வித்தாள் இன்னொரு வகை. "ஹெல்த் ரிஸ்க் அசெஸ்மென்ட்" என்ற பெயரில் எண்பது, நூறு கேள்விகள். அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2013-ல் தன் ஊழியர்களை இப்படி ஒரு இணையக் கேள்வித்தாளை நிரப்பச் சொன்னது. நிரப்பாவிட்டால் மாதம் 100 டாலர் பிடித்தம். அடுத்த ஓராண்டில் கருத்தரிக்கும் எண்ணம் உண்டா, சமீபத்தில் விவாகரத்து நடந்ததா, மேலதிகாரியோடு பிரச்சினையா என்றெல்லாம் அதில் கேள்விகள். பேராசிரியர்கள் கொதித்து எழுந்தார்கள். செப்டம்பருக்குள் பிடித்தம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த நாட்டில் 2008-ம் ஆண்டின் மரபணுத் தகவல் சட்டம், குடும்ப நோய் வரலாற்றைச் சொன்னால் பரிசு தருகிறேன் என்று முதலாளி சொல்வதைத் தடுக்கிறது. அதற்கு நிகரான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால்தான் "பெற்றோருக்கு மாரடைப்பு உண்டா, நீரிழிவு உண்டா, மனநோய் உண்டா" என்ற கேள்விகள் இங்கே கூசாமல் வருகின்றன. அவற்றை வெற்றாக விடுங்கள். நட்சத்திரக் குறி போட்டு, வெற்றாக விட முடியாதபடி வைத்திருந்தால், அந்தக் கேள்வித்தாளையே விடுங்கள். பொய்ப் பதில் எழுத வேண்டாம். அந்தத் தகவல் எங்கே போய் உட்காரும் என்று தெரியாதபோது, பின்னாளில் நீங்கள் சொல்லும் உண்மைக்கு எதிராக அதுவே நிற்கக்கூடும்.

நடைப் போட்டிகளுக்கு வருவோம். பத்தாயிரம் அடி, டீமுக்கு டீம் போட்டி, ஜெயித்தால் கூப்பன். மேற்கு வர்ஜீனியாவில் 2018-ல் பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளத்தோடு சேர்ந்து கோபத்தைக் கிளப்பியவற்றில் ஒன்று, கோ365 என்ற செயலியை வைத்துக்கொள்ளாவிட்டால் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற திட்டம். அந்த மாநிலத்தின் 55 கவுண்டிகளிலும், அதாவது எல்லா மாவட்டங்களிலும், பள்ளிகள் மூடின. அந்தச் செயலித் திட்டம் கைவிடப்பட்டது.

அடி எண்ணுவதற்கு இருப்பிடம் தேவையில்லை. கைபேசிக்குள் இருக்கும் அசைவு உணரியே அடியை எண்ணிவிடும். ஆகவே செயலி லொகேஷன் கேட்டால் மறுத்துவிடுங்கள், போட்டி அப்படியே நடக்கும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குப் போய் "ஹெல்த் கனெக்ட்" என்று தேடுங்கள். உள்ளே ஆப் பர்மிஷன்ஸ் பகுதியில் அந்த வெல்னஸ் செயலியைத் தொட்டால், அடிகள், தூக்கம், இதயத்துடிப்பு, எடை, மாதவிடாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் தெரியும். அடிகள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். ஐபோனில் ஹெல்த் செயலியைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பிரைவசி பகுதியில் ஆப்ஸ் என்பதற்குள் போனால் இதே சுவிட்சுகள் இருக்கும். முதல் முறை செயலியை நிறுவும்போது "எல்லாவற்றையும் அனுமதி" என்ற பொத்தான்தான் பெரிதாகக் கண்ணில் படும். அதை அழுத்தியவர்கள் இன்றே போய்ப் பார்த்துவிடுங்கள்.

மற்றவற்றை அணைப்பது ஏன் முக்கியம்? ஓய்வில் இருக்கும்போது இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்பது கர்ப்ப காலத்தில் கூடும். தூக்க நேரம் மாறுவதில் கைக்குழந்தை தெரியும், மனச்சோர்வு தெரியும், இன்னொரு வேலைக்கு இரவில் தயாராவதும் தெரியும். இவற்றையெல்லாம் மேலாளர் இன்று பார்க்கிறார் என்று சொல்ல வரவில்லை. சேர்ந்து கிடக்கும் தரவு எதற்குப் பயன்படும் என்பதைச் சேகரிக்கும் நாளில் யாரும் முடிவுசெய்வதில்லை. ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில், உலகெங்கும் அதன் பயனர்கள் ஓடிய பாதைகளைப் பெயரில்லாமல் ஒரே வெளிச்ச வரைபடமாக வெளியிட்டது. இரண்டு மாதத்தில், பாலைவனங்களின் நடுவே படைவீரர்கள் ஓடிய கோடுகளை வைத்து ராணுவ முகாம்களின் வடிவமே அதில் தெரிகிறது என்று வெளிப்பட்டது. அதில் ஒருவர் பெயர்கூட இல்லை.

கர்ப்ப காலச் செயலிகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஓவியா என்ற செயலியைப் பயன்படுத்தும் பெண் ஊழியர்களுக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்ட் நிறுவனம் நாளுக்கு ஒரு டாலர் மதிப்பில் பரிசு அட்டை கொடுத்ததும், மொத்தக் கணக்கு முதலாளிக்குப் போனதும் 2019-ல் செய்தியானது. அலுவலகம் காசு கொடுக்கும் எந்தச் செயலியிலும் மாதவிடாய், கருத்தரிப்பு பற்றி ஒரு எழுத்துகூடப் பதிய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாள் எண்ண ஒரு காலண்டர் போதும்.

"விருப்பம் இருந்தால் மட்டும்" என்ற சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். அமெரிக்காவில் இதைப் பணத்தால் அளந்து பார்த்தார்கள். சம வேலைவாய்ப்பு ஆணையம் 2016-ல் போட்ட விதி, தனி நபர் காப்பீட்டுச் செலவில் 30 சதவீதம் வரை பரிசாகவோ அபராதமாகவோ வைத்தாலும் அது விருப்பமே என்றது. ஐம்பது வயது கடந்தோருக்கான ஏ.ஏ.ஆர்.பி. அமைப்பு வழக்குப் போட்டது. அத்தனை பெரிய தொகை தொங்கும்போது எப்படி விருப்பம் ஆகும் என்பதற்கு ஆணையம் போதிய காரணம் காட்டவில்லை என்று 2017-ல் நீதிமன்றம் சொன்னது. 2019 தொடக்கத்தோடு அந்தப் பகுதி செல்லாமல் போனது. யேல் பல்கலைக்கழகத்தில் திட்டத்தில் சேராதவர்களிடம் வாரம் 25 டாலர் பிடித்தார்கள். 2019-ல் வழக்கு வந்து, 2022-ல் 12.9 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

நம் ஊரில் சம்பளத்தில் பிடிப்பது அரிது. இங்கே அழுத்தம் வேறு விதம். "நம்ம டீம்ல பார்ட்டிசிபேஷன் 64 பர்சென்ட்தான், யார் யார் இன்னும் பண்ணல?" என்று வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் கேட்பார். கூடவே பெயர்ப்பட்டியல் வரும். அந்தப் பட்டியல் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதே முதல் கேள்வி. பங்கேற்பு விகிதத்தை மேலாளரின் மதிப்பீட்டில் சேர்த்துவிட்டால், கீழே இருக்கிறவருக்கு "விருப்பம்" என்று ஒன்று மிஞ்சாது.

இவ்வளவு தரவு வாங்கிக்கொண்டு என்ன பலன் கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பி.ஜே.ஸ் ஹோல்சேல் கிளப் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலியில் ஏறக்குறைய 33,000 ஊழியர்களை வைத்து, கடைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2019-ல் வந்தது. பதினெட்டு மாதம் கழித்து, வெல்னஸ் திட்டம் இருந்த கடைகளில் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, எடைக் குறியீடு, மருத்துவச் செலவு, விடுப்பு நாள் எதிலும் கணக்கில் எடுக்கும்படியான வித்தியாசம் இல்லை. "உங்கள் நன்மைக்காகத்தானே" என்று சொல்கிறவரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

கவுன்சலிங் சேவை பற்றிச் சுருக்கமாக. நிறுவனம் ஏற்பாடு செய்யும் ஆலோசகரிடம் நீங்களே போனால், பேசியது அவரோடு நிற்க வேண்டும். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. மேலாளர் அனுப்பி நீங்கள் போனால் நிலைமை வேறு. "வந்தார், இத்தனை அமர்வு முடிந்தது" என்ற அறிக்கை திரும்பிப் போகும் வாய்ப்பு அதிகம். முதல் அமர்விலேயே கேளுங்கள்: பில்லில் என் பெயர் இருக்குமா, அமர்வு எண்ணிக்கை யாருக்குப் போகும்? கேம்ப் தேவையோ இல்லையோ, இந்தச் சேவை பலருக்கு உண்மையில் தேவை. பயத்தால் யாரும் அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? இன்றைய நிலையில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ம் ஆண்டின் விதிகள்தான் கையில் இருக்கும் ஆயுதம். உடல், மன நலம், மருத்துவப் பதிவு, பயோமெட்ரிக் எல்லாம் அதில் "உணர்திறன் மிக்க தகவல்" பட்டியலில் வருகின்றன. எழுத்து மூலம் ஒப்புதல் வாங்க வேண்டும். தர மறுக்கவும், தந்ததைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த அலுவலரின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இதன் இடத்துக்கு வருவது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். அதில் நல்ல அம்சங்கள் உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில், அதாவது தமிழிலும், படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். ஒப்புதல் கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் முடிய வேண்டும். மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று கைபேசியின் தொடர்பு எண்களைக் கேட்டால், பயனர் சரி என்றே சொன்னாலும் அந்தப் பகுதி ஒப்புதலில் அடங்காது என்று சட்டத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் 7-ம் பிரிவின் வேலைவாய்ப்பு பற்றிய உட்பிரிவு. வேலை சார்ந்த தேவைகளுக்கும், ஊழியர் தானே நாடிப் பெறும் சேவை அல்லது சலுகைக்கும் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்கிறது அது. வெல்னஸ் திட்டத்தை இந்த வாசல் வழியாக நுழைக்க நிறுவனங்கள் முயலும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி நுழைந்தால் இழப்பு பெரிது: என்ன தரவு இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கும் உரிமையும், அழிக்கச் சொல்லும் உரிமையும், 11, 12-ம் பிரிவுகளில், ஒப்புதல் கொடுத்த தரவோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. ஹெச்.ஆர். அறிவித்து, மேலாளர் விரட்டி நடக்கும் கேம்பை "ஊழியர் நாடிப் பெற்ற சலுகை" என்று படிக்க முடியாது என்பது என் வாசிப்பு. ஆகவே இப்போதிலிருந்தே தனி ஒப்புதல் படிவம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குறை: அந்தச் சட்டம் டிஜிட்டல் தரவுக்கும் டிஜிட்டலாக மாற்றிய தரவுக்கும் மட்டுமே. கான்ஃபரன்ஸ் ரூம் மேஜையில் கிடக்கும் அந்த நீள ரிஜிஸ்டர், யாரும் அதை ஸ்கேன் செய்யாத வரை, அதன் கைக்கு எட்டாது.

ரசாயனம், தூசி, இரைச்சல் உள்ள தொழிற்சாலைகளில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தொழிலாளியைக் காக்க முதலாளி மீது சட்டம் சுமத்திய கடமை; அதைத் தவிர்க்காதீர்கள், உங்கள் பதிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அங்கேயும் மேற்பார்வையாளருக்குத் தேவை "இந்த வேலைக்குத் தகுதி, தகுதியில்லை, இன்ன கட்டுப்பாட்டோடு தகுதி" என்ற ஒரு வரி மட்டுமே. நோயின் பெயர் மருத்துவரின் கோப்பில் இருக்க வேண்டும்.

கேம்ப் அறிவிப்பு வந்ததும் இப்படி ஒரு மெயில் போடலாம்:

"வணக்கம். வரும் கேம்பில் கலந்துகொள்ளும் முன் சில விவரங்கள் தேவை. என்னென்ன சோதனைகள் செய்யப்படும் என்ற முழுப் பட்டியலை அனுப்புங்கள். என் பெயரோடு கூடிய முடிவு என்னைத் தவிர யாருக்குப் போகும்? நிறுவனத்துக்கு ஒட்டுமொத்த அறிக்கை வருமானால், குறைந்தபட்சம் எத்தனை பேர் கொண்ட குழுவுக்கு அது தயாரிக்கப்படும்? லேபும் வெல்னஸ் நிறுவனமும் என் விவரங்களை எத்தனை நாள் வைத்திருக்கும், அழித்ததை எப்படித் தெரிவிக்கும்? காப்பீட்டு நிறுவனத்துக்கோ ப்ரோக்கருக்கோ இவை போகுமா? கலந்துகொள்ளாவிட்டால் மதிப்பீட்டிலோ காப்பீட்டிலோ மாற்றம் உண்டா? பதிலை எழுத்தில் தந்தால் உதவியாக இருக்கும்."

தனி ஒருவராக அனுப்பத் தயங்கினால், ஐந்தாறு பேர் சேர்ந்து அனுப்புங்கள். இதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை, நல்ல ஹெச்.ஆர். அதிகாரிக்கு இந்தக் கேள்விகள் வெல்னஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது கைகொடுக்கும். பதில் திருப்தியாக இல்லையென்றால், பிரஷரும் சுகரும் பார்க்க அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்பதில்லை. பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

வேலையை விடுகிறவர்கள் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வெல்னஸ் செயலியின் கணக்கு அலுவலக மின்னஞ்சலோடு இணைந்திருந்தால், அந்த மின்னஞ்சல் மூடியதும் உங்களால் உள்ளே போக முடியாது. தரவு மட்டும் அங்கே இருக்கும். ஆகவே முதலில் எல்லா ரிப்போர்ட்டுகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கைபேசியின் ஹெல்த் கனெக்ட் அல்லது ஹெல்த் செயலியில் அந்த இணைப்பைத் துண்டியுங்கள். அடுத்து, செயலிக்குள் "கணக்கை நீக்கு" என்பதை அழுத்துங்கள். ஐகானை மட்டும் அழித்தால் கணக்கு அழியாது. அதோடு அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு முகவரிக்கு, சொந்த மின்னஞ்சலுக்கு நகல் வைத்து, ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாகவும் தரவை அழிக்கும்படியும் ஒரு மெயில் போடுங்கள். செயலியைக் கைபேசியிலிருந்து எடுப்பது இவை அத்தனையும் முடிந்து, பதில் வந்த பிறகுதான்.